மோட்டார் சைக்கிளுக்கு ரேடார் டிடெக்டர்: எதை வாங்குவது?

வெர்சிஸ்காரன் (எடிசன், நியூ ஜெர்சி)

வணக்கம் நண்பர்களே. என்னிடம் கவாஸாகி வெர்சிஸ் 650 இருக்கிறது. வார இறுதிகளில் பேர் மவுண்டன், போர்ட் ஜெர்விஸ் அருகே உள்ள ஹாக்ஸ் நெஸ்ட், மனம் வந்தால் பென்சில்வேனியாவின் ஜிம் தார்ப் வரை போய் வருவேன். அக்டோபரில் இலைகள் நிறம் மாறும்போது நண்பர்களோடு வர்ஜீனியாவின் ஸ்கைலைன் டிரைவுக்குப் போவதாக இருக்கிறேன்.

ரேடார் டிடெக்டர், அதாவது போலீஸ் வேகம் அளக்கும் ரேடாரை முன்கூட்டியே உணர்ந்து எச்சரிக்கும் கருவி, ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறேன். நூறு மைல் வேகத்தில் பறக்கும் ஆசை எனக்கு இல்லை. ஆனால் நியூயார்க் மலைச் சாலைகளில் 55 என்றிருக்கும் வேக வரம்பு, ஒரு சிற்றூர் வந்ததும் சட்டென்று 30 ஆகிவிடுகிறது. அந்தப் பலகையை ஒரு லாரி மறைத்துக்கொண்டு நின்றால் போயிற்று. நியூ ஜெர்சியில் வரம்பை 15 மைல் தாண்டினால் உரிமத்தில் 4 புள்ளிகள். வெளிமாநிலத்தில் பிடிபட்டாலும் 2 புள்ளிகள் வீடு தேடி வந்துவிடுகின்றன. அதன்பிறகு காப்பீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

அலுவலகத்தில் இரண்டு பேர் காரில் டிடெக்டர் வைத்திருக்கிறார்கள். ஒருவர் வாலண்டைன் ஒன் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார். மற்றவர் யூனிடென் ஆர்8 என்று சத்தியம் செய்கிறார். இணையத்தில் படித்தால் எல்லாமே காருக்கான ஒப்பீடுகள். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: ஹெல்மெட்டுக்குள் 65 மைல் வேகத்தில் அதன் சத்தம் கேட்குமா? மழை வந்தால் என்ன செய்வது? போலீஸ் வேகம் அளக்கும் லேசர் துப்பாக்கிக்கு எதிராக உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா? ஹெல்மெட்டில் கார்டோ ப்ளூடூத் ஒலிபெருக்கி பொருத்தியிருக்கிறேன், கைப்பேசி ஐபோன், வண்டியில் 12 வோல்ட் சாக்கெட் இருக்கிறது. 600 டாலர் வரை செலவழிக்கலாம்.

ஹட்சன்கரை (ஜெர்சி சிட்டி)

வேக வரம்புக்குள் ஓட்டுங்கள். 600 டாலர் மிச்சம். அந்தப் பணத்தில் நல்ல டயர் ஒரு ஜோடி போட்டுக்கொள்ளலாம்.

பாக்ஸர் (ஆலன்டவுன், பென்சில்வேனியா)

ஹட்சன்கரை சொன்னதில் டயர் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. டயர் தேய்ந்திருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

வெர்சிஸ் தம்பி, உங்கள் அலுவலக நண்பர்கள் இருவர் சொல்வதும் சரிதான், ஆனால் அது காருக்கு. காரில் அந்தக் கருவி கண்ணாடிக்குப் பின்னால், நனையாமல், அதிராமல், கூவினால் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. இதில் ஒன்றுகூட நமக்குக் கிடையாது. ஆகவே எது அதிகத் தொலைவில் பிடிக்கும் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எச்சரிக்கை உங்கள் காதுக்கு எந்த வழியாக வரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிராண்ட் அதன் பின்னால் தானாக வரும்.

நான் வேலைக்காலம் முழுவதும் மைக்ரோவேவ் அலைகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன். பி.எம்.டபிள்யூ ஆர் 1200 ஆர்டி ஓட்டுகிறேன். கடைக்காரர் சொல்லாத சிலவற்றை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

காதிலிருந்து தொடங்குகிறேன். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே 100 டெசிபலைத் தொட்டுவிடும். நீங்கள் விவரமானவர் என்றால் காதில் நுரைப்பஞ்சு அடைப்பு வேறு வைத்திருப்பீர்கள். ஹேண்டில்பாரில் இருக்கும் பெட்டி எவ்வளவு கத்தினாலும் உங்களுக்குக் கேட்காது. திரையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், நண்பகல் வெயிலில் அதில் ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் வளைவுக்கு நடுவில் கீழே குனிந்து பார்ப்பவன் வண்டி ஓட்டத் தகுதியில்லாதவன்.

ஆகவே சத்தம் ஹெல்மெட்டுக்குள் வர வேண்டும். உங்களிடம் கார்டோ இருப்பதால் பாதி வேலை முடிந்தது. வாலண்டைன் ஒன் (சுருக்கமாக வி1) இரண்டாம் தலைமுறை, 2020-இல் வந்தது, அதற்குள்ளேயே ப்ளூடூத் இருக்கிறது. அது கைப்பேசிச் செயலியோடு பேசும். செயலி கைப்பேசி வழியாக உங்கள் ஹெல்மெட்டில் பேசும். வழிகாட்டியின் குரல் எந்தப் பாதையில் வருகிறதோ அதே பாதைதான். ஆண்ட்ராய்டில் ஜேபிவி1 என்ற செயலி புகழ்பெற்றது, அது ஐபோனில் கிடையாது. ஆனால் ஐபோனுக்கும் வி1 செயலிகள் உண்டு. இன்னொரு வழி, யூனிடென் ஆர்3 போல 3.5 மில்லிமீட்டர் ஒலித் துளை உள்ள ஒன்றை வாங்கி, அதில் சிறிய ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டரைச் செருகுவது. விலை குறைவு. ஆனால் இன்னொரு பேட்டரி, இன்னொரு வயர், இன்னொரு இணைப்பு. மழைநாளில் கையுறையோடு இதையெல்லாம் சரிசெய்து பார்த்தால் புரியும்.

ஒரு சட்டக் குறிப்பு: நியூயார்க்கில் வண்டி ஓட்டுபவர் ஒரு காதுக்கு மேல் இயர்ஃபோன் அணியக் கூடாது. ஹெல்மெட் ஒலிபெருக்கியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு காதிலும் இயர்ஃபோன் செருகிக்கொண்டு போய் ரேடாருக்குத் தப்பி அதில் மாட்ட வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். வாலண்டைன், யூனிடென், எஸ்கார்ட் மூன்றுமே நனையக் கூடாதவை. மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்த அடாப்டிவ் டிபிஎக்ஸ் மழையைத் தாங்கும், அதிர்வையும் தாங்கும். ஆனால் உணர்திறனில் மற்றவற்றுக்குக் கீழேதான். தினமும் வேலைக்கு மழையிலும் வெயிலிலும் வண்டியில் போகிறவராக இருந்தால் அதைச் சொல்வேன். நீங்கள் வார இறுதிக்காரர். மழை பெய்தால் சாலையோரம் நிறுத்தி, கருவியைக் கழற்றி உறைவிப்பான் பையில் போட்டு உள்ளே வைத்துவிடுங்கள். சிலர் பையோடு சேர்த்தே ஹேண்டில்பாரில் மாட்டிவிடுகிறார்கள். பிளாஸ்டிக் ரேடார் அலையைத் தடுக்காது என்பது உண்மை. ஆனால் பைக்குள் ஈரம் சேர்ந்து கருவியின் முன்பக்கக் கண்ணாடி மூடுபனி பிடித்துவிடும். மழை நின்று வெயில் வந்தால் உள்ளே கருவி வெந்துகொண்டிருக்கும்.

பொருத்துவதில் கஞ்சத்தனம் வேண்டாம். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். 500 டாலர் கருவியைப் பத்து டாலர் பிளாஸ்டிக் கவ்வியில் மாட்டுகிறார்கள். ஒரு அங்குலப் பந்து வைத்த உலோகத் தாங்கியை ஹேண்டில்பாரிலோ கண்ணாடித் தண்டிலோ திருகுங்கள். கருவியின் முகம் சாலைக்கு மட்டமாக நேரே பார்க்க வேண்டும். முன்னால் உலோகம் எதுவும் மறைக்கக் கூடாது. வண்டியின் பிளாஸ்டிக் விண்ட்ஷீல்ட் பரவாயில்லை, ரேடார் அதைத் துளைத்து வரும். பிரேக் திரவக் கிண்ணம், கிளட்ச் வயர் இவற்றுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள்.

பின்புற ஆன்டெனா விஷயம் எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள். வி1, ஆர்8 இரண்டிலும் பின்னாலிருந்து வரும் அலையைப் பிடிக்கத் தனி ஆன்டெனா உண்டு. எந்தத் திசை என்று அம்புக்குறி காட்டும். காரில் அது பின்கண்ணாடியைப் பார்க்கிறது. வண்டியில் அது உங்கள் மார்பைப் பார்க்கிறது. 34 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மனித உடல் என்பது தண்ணீர்ச் சுவர். பின்னால் வரும் போலீஸ் காரின் ரேடாரில் பெரும்பகுதியை நீங்களே விழுங்கிவிடுவீர்கள். முன்னால் போகும் வாகனங்களில் பட்டுத் திரும்பும் அலைதான் கருவிக்குக் கிடைக்கும். அம்பு முன்னால் என்று காட்டும், ஆள் பின்னால் இருப்பார். இதைத் தெரிந்துகொண்டு கண்ணாடியையும் பார்த்து ஓட்டுங்கள்.

இனி அலைவரிசை. பெரும்பாலும் கே, கேஏ என இரண்டுதான் உங்கள் கவலை. கே என்பது 24.15 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது. கேஏ 33.4-லிருந்து 36 வரை விரிந்தது. அதில் போலீஸ் ரேடார்கள் பெரும்பாலும் 33.8, 34.7, 35.5 என்ற மூன்று புள்ளிகளைச் சுற்றியே இருக்கும். கேஏ கூவினால் மதியுங்கள், அது அனேகமாக நிஜம். கே கூவினால் அது கடையின் தானியங்கிக் கதவாக இருக்கலாம், அல்லது பக்கத்தில் போகும் காரின் மறைபகுதி (பிளைண்ட் ஸ்பாட்) உணரியாக இருக்கலாம். புதிய கார்களில் பல 77 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிட்டன, பழைய கார்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ரூட் 1-இல் எடிசனிலிருந்து நியூ பிரன்ஸ்விக் வரை போனால் ஹெல்மெட்டுக்குள் ஒரே கச்சேரிதான். காரில் அது எரிச்சல், வண்டியில் அது ஆபத்து. ஒவ்வொரு கூவலுக்கும் மனம் சாலையை விட்டு ஒரு நொடி விலகுகிறது. ஆகவே குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மௌனமாக இருக்கும் வசதி, வழக்கமாகப் பொய்க்கூவல் வரும் இடங்களை ஜிபிஎஸ் மூலம் நினைவில் வைத்து அடக்கும் வசதி, இவை கட்டாயம். யூனிடென் ஆர்3, ஆர்8, எஸ்கார்டின் உயர்வகைகளில் ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கிறது. வி1-க்குக் கைப்பேசிதான் ஜிபிஎஸ்.

இப்போது சோகமான பகுதி. ரேடார் நேர்கோட்டில் போகும். துப்பாக்கியிலிருந்து கிளம்பிய அலை வண்டியில் பட்டுத் திரும்பிப் போய்ச் சேர்ந்தால்தான் வேகம் தெரியும். கருவிக்கோ ஒருவழிப் பயணம் போதும். அந்தக் கணக்கில்தான் டிடெக்டர் பிழைக்கிறது. மோட்டார் சைக்கிள் சின்னது என்பதால் திரும்பிப் போகும் அலையும் பலவீனம், அதுவும் நமக்குச் சாதகம். சமவெளியில் நேர்ச்சாலையில், எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் கேஏ ரேடாரை ஒரு மைலுக்கு முன்பே பிடிக்கலாம். ஆனால் நாம் வண்டி வாங்கியது நேர்ச்சாலைக்கா? ஹாக்ஸ் நெஸ்டில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் டெலவேர் ஆறு, நடுவில் பாம்பாக நெளியும் சாலை. அங்கே அடுத்த வளைவுக்குப் பின்னால் நிற்பவரின் அலை பாறையில் தெறித்து வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வளைவு எவ்வளவு அழகோ அவ்வளவு பயனற்றது கருவி.

அதோடு, விசையை அழுத்தினால் மட்டும் அலை வரும்படி காத்திருக்கும் போலீஸ்காரர் உண்டு. உங்களுக்கு முன்னால் போன வண்டியை அவர் அளந்தால் உங்களுக்குச் செய்தி வரும். சாலையில் நீங்கள் மட்டும் தனியாக இருந்தால் முதல் செய்தியே கடைசிச் செய்தி.

லேசர் பற்றிக் கேட்டீர்கள். அதன் கற்றை ஆயிரம் அடி தூரத்தில் சுமார் மூன்று அடி அகலம்தான். குறி வைப்பது உங்கள் முகப்பு விளக்கு. வேகத்தைக் கணிக்க ஒரு நொடியில் ஒரு பகுதி போதும். கருவி லேசர் என்று அலறும்போது அளந்து முடித்திருப்பார்கள். சில சமயம் உங்களுக்கு முன்னால் போன காரில் பட்டுச் சிதறியது பிடிபடும், அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்துக்கு டாலர் கொடுக்காதீர்கள்.

எங்கள் பென்சில்வேனியாவைப் பற்றி ஒன்று. ஜிம் தார்ப் வருவதாகச் சொல்கிறீர்கள். இங்கே நெடுங்காலமாக மாநிலப் போலீசுக்கு மட்டும்தான் ரேடார் உரிமை, ஊர்ப் போலீசுக்குக் கிடையாது. நாட்டிலேயே இந்த வினோதம் எங்களிடம்தான். அதனால் சிற்றூர்களில் சாலைக்குக் குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடுகள் போட்டு, ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்து வேகத்தைக் கணக்கிடுவார்கள். அலை இல்லை, கூவலும் இல்லை. நீங்கள் பயப்படுகிற அந்த 55 முதல் 30 வரையிலான ஊர் நுழைவாயில் இருக்கிறதே, எங்கள் பக்கம் அங்கே உங்கள் 600 டாலர் ஊமையாக உட்கார்ந்திருக்கும். கோட்டைப் பார்க்கும் கண்தான் துணை.

என் முடிவு: வி1 இரண்டாம் தலைமுறை, நல்ல உலோகத் தாங்கி, ஹெல்மெட்டில் கார்டோ. கைப்பேசியில் வேஸ், மற்ற ஓட்டுநர்கள் போலீசைப் பார்த்து எச்சரிக்கை போடும் வழிகாட்டிச் செயலி, ஓடிக்கொண்டிருக்கட்டும். அது இலவசம், லேசரும் வெள்ளைக் கோடும் அதற்கு ஒன்றுதான். யாரோ ஒருவர் முன்னால் போய்ப் பார்த்துச் சொல்லியிருந்தால் போதும்.

ஸ்கைலைன் டிரைவ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. வர்ஜீனியாவில் டிடெக்டர் சட்டவிரோதம் என்பது உங்களுக்குத் தெரியும்தானே?

வெர்சிஸ்காரன்

பாக்ஸர் ஐயா, தெரியாது! அமெரிக்கா முழுவதும் அனுமதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பையில் வைத்திருந்தாலே பிடிப்பார்களா?

ஸ்காபரோ (ரொறன்ரோ)

வணக்கம். வர்ஜீனியாவை விடுங்கள், வடக்கே வரும் எண்ணம் இருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் அதை இயக்கினாலும் இயக்காவிட்டாலும் வாகனத்தில் வைத்திருப்பதே குற்றம். பொலிஸ் எடுத்துக்கொண்டால் எடுத்ததுதான், திருப்பிக் கேட்க முடியாது. கியூபெக்கிலும் தடை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா, சஸ்காச்சுவான் மூன்றில் மட்டும்தான் அனுமதி. ஆயிரம் தீவுகள் பார்க்க நியூ ஜெர்சியிலிருந்து வந்த நண்பர் ஒருவர் எல்லைக்கு முதல் நாள் விசாரித்தார். கருவியை எல்லைக்கு இந்தப் பக்கம் கொண்டுவராமல் வோட்டர்டவுனில் தங்கியிருந்த விடுதியில் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

இங்கே வேகத்துக்குத் தண்டனையும் சும்மா இல்லை. வரம்பு 80 கிலோமீற்றருக்குக் குறைந்த சாலையில் 40 அதிகமாகவோ, மற்றச் சாலையில் 50 அதிகமாகவோ போனால் அந்த இடத்திலேயே 30 நாள் உரிமம் முடக்கம், 14 நாள் வண்டி பறிமுதல். 2021-இல் இப்படிக் கடுமையாக்கினார்கள். வண்டியைக் கொண்டுபோன பிறகு சாலையோரம் ஹெல்மெட்டோடு நிற்க வேண்டியதுதான்.

பாக்ஸர்

ஸ்காபரோவுக்கு நன்றி. வர்ஜீனியாவும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும்தான் இந்த நாட்டில் எல்லா வாகனத்துக்கும் தடை விதித்தவை. பத்தாயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட வணிக வாகனத்துக்கு எங்குமே கூடாது, அது நமக்கு வேண்டாம்.

வர்ஜீனியாவில் கருவிக்கு மின் இணைப்பு இல்லாமலும், ஓட்டுபவர் கையை நீட்டி எடுக்க முடியாத இடத்திலும் இருந்தால் குற்றமில்லை என்று சட்டமே சொல்கிறது. ஆகவே பிரிக்கலாம், கொண்டுபோகலாம்.

ஆனால் ஓடவிட்டு மறைத்துவைத்தால் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். ரேடார் டிடெக்டர் உள்ளே தானே ஓர் அலையை உண்டாக்கித்தான் வேலை செய்கிறது. அதில் கொஞ்சம் வெளியே கசியும். அந்தக் கசிவை முகர்ந்து பிடிக்கும் கருவி போலீசிடம் இருக்கிறது, ஸ்பெக்டர் என்று பெயர். கசிவைக் குறைத்துச் செய்த மாடல்கள் உண்டு, அதை நம்பி வேறு மாநிலத்தில் விஷப்பரீட்சை வேண்டாம். அதைவிடப் பெரிய விஷயம், அங்கே வரம்பைவிட 20 மைல் அதிகமானாலோ, எந்தச் சாலையிலும் 85-ஐத் தாண்டினாலோ அது வெறும் அபராதச் சீட்டு அல்ல, குற்ற வழக்கு. இந்த 85 என்பதுகூட 2020 ஜூலைக்கு முன் 80 ஆக இருந்தது.

ஸ்கைலைன் டிரைவ் 105 மைல் நீளம், முழுவதும் வரம்பு 35. அக்டோபரில் உங்களுக்கு முன்னால் இலை பார்க்கும் கார்கள் 25-இல் ஊர்ந்துகொண்டிருக்கும். மான்கள் குறுக்கே நிற்கும். டிடெக்டருக்கு அங்கே வேலையே இல்லை.

தனிவழி (ஆஸ்டின், டெக்சஸ்)

பாக்ஸர் அண்ணாவோடு ஒரு விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை. எல்லாவற்றையும் காதுக்குள் கொண்டுவரச் சொல்கிறார். எனக்கு ஹெல்மெட்டுக்குள் யாரும் பேசக் கூடாது. அதற்காகத்தான் வண்டியில் போகிறேன்.

என்னிடம் ஹார்லி ஒன்று, அதில் யூனிடென் ஆர்3. அதன் ஒலித் துளையிலிருந்து சிறிய கம்பியில்லா அனுப்பி ஒன்றுக்கு இணைப்பு. ஹெல்மெட் முகத்திரைக்கு உள்ளே ஓரமாக ஒட்டிய பட்டாணி அளவு எல்இடி விளக்கு. கருவி கூவினால் விளக்கு துடிக்கும். பார்வையின் ஓரத்தில் சிவப்பு தெரிந்தால் கை தானாகத் தளர்கிறது, தலையைத் திருப்ப வேண்டியதில்லை. குறை என்னவென்றால் கே, கேஏ வித்தியாசம் விளக்குக்குத் தெரியாது. ஆகவே கே அலைவரிசையை ஊருக்குள் முழுக்க அணைத்துவிடுகிறேன். ஊரைத் தாண்டியதும் போடுகிறேன்.

வெயிலைப் பற்றி அவர் போதுமான அளவு பேசவில்லை. பென்சில்வேனியாக்காரருக்கு அது புரியாது, மன்னிப்போம். ஆகஸ்டில் இங்கே வண்டியை உணவகத்துக்கு வெளியே நிறுத்தி அரைமணி கழித்து வந்தால் கறுப்புப் பெட்டியைக் கையால் தொட முடியாது. ஒவ்வொரு முறையும் கழற்றி எடுத்துக்கொண்டு போகிறேன், திருட்டுக்கும் அதுதான் நல்லது. ஆகவே சட்டென்று கழலும் தாங்கியைத் தேர்ந்தெடுங்கள். திருகாணியை நாலு சுற்று சுற்ற வேண்டிய தாங்கியை நம் சோம்பேறித்தனம் தோற்கடித்துவிடும்.

எங்கள் ஊரில் 130 சுங்கச் சாலையில் வரம்பே 85, நாட்டிலேயே மிக அதிகம். அங்கே டிடெக்டர் வேண்டாம். மேற்கே 335, 336, 337 என்ற மூன்று பண்ணைச் சாலைகள், ட்விஸ்டெட் சிஸ்டர்ஸ் என்பார்கள். அங்கே அண்ணா சொன்ன வளைவுக் கணக்கு அப்படியே பொருந்தும். கருவி உண்மையாக உழைப்பது இவ்விரண்டுக்கும் நடுவில், நேராக ஓடும் இருவழி நெடுஞ்சாலைகளில். எதிரே வரும் போலீஸ் காரின் கேஏ ரேடார் எரிந்துகொண்டே வரும், குன்றின் மறுபக்கம் இருக்கும்போதே விளக்கு துடிக்கத் தொடங்கிவிடும்.

கூடவே ஒன்று: லேசரைக் குழப்பும் ஜாமர் வாங்கச் சொல்லி யாராவது வந்தால் டெக்சஸிலும் கலிஃபோர்னியாவிலும் அது குற்றம். ரேடார் ஜாமர் நாடு முழுக்கக் குற்றம், மத்தியச் சட்டம்.

பாக்ஸர்

தனிவழிக்கு: வெயில் விஷயத்தில் தோற்றேன். விளக்கு விஷயத்தில் இல்லை. சூரியனை எதிர்கொண்டு ஓட்டும்போது முகத்திரை ஓரத்து விளக்கு தெரிகிறதா?

தனிவழி

மாலை ஆறு மணிக்கு மேற்கு நோக்கிப் போகும்போது தெரிவதில்லை. ஆனால் அப்போது எனக்குச் சாலையே தெரிவதில்லை, ஆகவே மெதுவாகத்தான் போகிறேன்.

வெர்சிஸ்காரன்

எல்லோருக்கும் நன்றி. வி1 என்று முடிவு செய்துவிட்டேன், கார்டோ ஏற்கெனவே இருப்பதால். ஆர்3 எடுத்தால் பணம் மிச்சமாகும் என்பது உண்மை, ஆனால் எனக்கு அந்தக் கூடுதல் வயரும் பேட்டரியும் வேண்டாம். கடைசியாக இரண்டு கேள்விகள். மின்சாரத்துக்கு 12 வோல்ட் சாக்கெட்டிலேயே செருகிவிடலாமா? வர்ஜீனியா எல்லையில் எங்கே நிறுத்திக் கழற்றுவது?

பாக்ஸர்

சாக்கெட் வேண்டாம். காரில் சிகரெட் பற்றவைக்கச் செய்த துளை அது. அதிர்வில் செருகி மெல்ல மெல்ல வெளியே நழுவும், கருவி அணைந்து மீண்டும் எழும், எழும்போதெல்லாம் ஹெல்மெட்டுக்குள் ஒரு வாழ்த்துச் சத்தம் போடும். சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஒரு சுற்றிலிருந்து, பின்விளக்குச் சுற்று போதும், ஒரு கிளை எடுங்கள். அதில் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைத் தனியாகப் போடுங்கள். நேரடி இணைப்புக்கான வயரைத் தயாரிப்பாளரே விற்கிறார்கள். அந்த வயரின் முனை பழைய வீட்டுத் தொலைபேசியில் செருகும் அதே சதுர முனை, ஓரத்தில் நகக்கண் அளவு பிளாஸ்டிக் நாக்கு. கருவியைக் கழற்றும்போதெல்லாம் உடைவது அந்த நாக்குதான். உடைந்தால் மேலுக்குச் செருகியது போல இருக்கும், பள்ளத்தில் குதித்ததும் தொடர்பு போகும். ஆகவே வயரில் ஒரு விரலளவு தளர்வு விட்டு, ஹேண்டில்பாரோடு ஒரு பட்டையால் கட்டுங்கள். இழுவை நாக்கின் மேல் விழாது. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகு கட்டுங்கள். கைவசம் இன்னொரு வயர் இருக்கட்டும், விலை அதிகமில்லை.

எல்லை: நீங்கள் 78-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே வந்து 81-இல் தெற்கே திரும்புவீர்கள். பென்சில்வேனியா, மேரிலாந்து, மேற்கு வர்ஜீனியா மூன்றிலும் டிடெக்டருக்குத் தடையில்லை. மேற்கு வர்ஜீனியாவில் 81 வெறும் 26 மைல்தான், கவனிக்காமல் இருந்தால் ஓடிவிடும். மார்ட்டின்ஸ்பர்க் தாண்டி இன்வுட் என்ற வெளியேறும் பாதை வரும், எண் 5. அங்கே பெட்ரோல் போடும்போது கழற்றுங்கள். கருவி பக்கப்பெட்டிக்குள், பெட்டிக்குப் பூட்டு. வயரையும் பிரித்து வேறு பையில் வையுங்கள். தாங்கி மட்டும் ஹேண்டில்பாரில் இருக்கட்டும், அது வெறும் பந்து. அங்கிருந்து வின்செஸ்டர், பிறகு ஃபிரண்ட் ராயல். ஸ்கைலைனின் வடக்கு வாசல் அங்கேதான். பூங்கா நுழைவுக்கட்டணம் வண்டிக்குத் தனி, ஆண்டுச் சீட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹட்சன்கரை

டயர் வாங்கினீர்களா?

வெர்சிஸ்காரன்

பின்டயர் மட்டும் மாற்றினேன். முன்டயரில் இன்னும் பாதி பள்ளம் இருக்கிறது.